வலி ஊசி போட்ட பிறகு என்ன செய்வீர்கள்? வார்டுக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்

ராத்திரி டியூட்டியில் "அந்த பெட்காரருக்கு வலிக்குதாம்" என்று தகவல் வரும். நாம் வழக்கமாகச் செய்வது என்ன? கேஸ் ஷீட்டைப் புரட்டி, ஏற்கெனவே எழுதியிருக்கும் வலி ஊசியைப் போடச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அந்த ஊசி கேட்டதா இல்லையா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது அபூர்வம். வலி மருத்துவத்தில் பாதிப் பிழைகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன என்பது என் எண்ணம். மருந்தின் பெயரும் அளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைத்துவிடும், யாரிடம் எதைக் கேட்பது, கொடுத்த பிறகு எதைப் பார்ப்பது என்பதுதான் ஆரம்பத்தில் தடுமாற வைக்கும். அதனால் அதற்கே இங்கே அதிக இடம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, சிறுநீரகக் கல் மாதிரி திடீரென்று வந்து, காரணம் ஆறும்போது தானும் அடங்குவது கடும் வலி. 3 மாதத்துக்கு மேல் நீடிப்பதோ திரும்பத் திரும்ப வருவதோ நாள்பட்ட வலி. இரண்டுக்கும் பெயர் வலிதான் என்றாலும் வேலை வேறு. முன்னதில் வலியைச் சீக்கிரம் இறக்க வேண்டும். பின்னதில் வலி முழுதாகப் போகாமலே கூட அந்த மனிதர் எழுந்து நடமாடி, தூங்கி, தன் வேலையைப் பார்க்க வேண்டும். முன்னதற்கான ஆயுதத்தைப் பின்னதற்கு எடுத்து வீசுவதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு.

முதலில் கேளுங்கள், கேட்டதை நம்புங்கள்

வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979-ல் வலிக்கு ஒரு வரையறை தந்தது, 2020-ல் அதைத் திருத்தியது. சாராம்சம் இவ்வளவுதான்: வலி என்பது உடல் உணர்வு மட்டும் அல்ல, மன அனுபவமும் கூட; திசு சேதமாகியிருக்கலாம், சேதமானது போன்ற அனுபவமாக மட்டும் இருக்கலாம்; வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும். நாடித்துடிப்பு 78, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, அதனால் இவருக்கு வலி இருக்க முடியாது என்று வாதம் செய்யாதீர்கள். கடுமையான வலியிலும் இவை இயல்பாகவே இருக்கலாம்.

எங்கே, எப்போதிலிருந்து, எங்கே பரவுகிறது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, இதுவரை என்ன மருந்து எடுத்தார்கள், அது கேட்டதா? இந்தக் கேள்விகளை எல்லோரும் கேட்போம். ஆனால் "எப்படி வலிக்கிறது?" என்பதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். எரிகிறது, கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று இழுக்கிறது, ஊசி குத்துகிறது, மதமதப்பாக இருக்கிறது, போர்வை பட்டாலே கூசுகிறது என்று வந்தால் நரம்பு வலியைச் சந்தேகியுங்கள். முறுக்கிப் பிடிக்கிறது, விட்டு விட்டு வருகிறது என்றால் உள்ளுறுப்பாக இருக்கலாம். ஒரே விரலால் இடத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தசையோ எலும்போ என்றால் பெரும்பாலும் விரல் ஓர் இடத்தில் நிற்கும், உள்ளுறுப்பு என்றால் விரலுக்குப் பதில் உள்ளங்கை வயிறு முழுக்கத் தடவும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் எந்த மருந்து என்பதை இதுதான் தீர்மானிக்கிறது, ஏனென்றால் நரம்பு வலிக்கு வழக்கமான வலி ஊசியான டைக்ளோஃபெனாக்கை எத்தனை நாள் போட்டாலும் பெரிதாகப் பயன் இருக்காது.

அப்புறம் எண். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் கற்பனை செய்ய முடிகிற மிக மோசமான வலி, இப்போது உங்களுக்கு எவ்வளவு? இதை அசையாமல் இருக்கும்போது ஒரு முறை, அசையும்போது ஒரு முறை என்று இரண்டு தடவை கேளுங்கள். வயிற்று அறுவை முடிந்து இரண்டாம் நாள், ஒரு பாட்டி மல்லாந்து அசையாமல் படுத்திருப்பார். "வலி எப்படிம்மா இருக்கு?" என்றால் "பரவாயில்ல சாமி, ரெண்டுதான்" என்பார். "கொஞ்சம் இருமிக் காட்டுங்கம்மா" என்று சொல்லுங்கள். கை தையல் மேல் போகும், முகம் சுருங்கும், இருமல் தொண்டையோடு நின்றுவிடும். அங்கே எண் 2 இல்லை, 8. இருமவும் ஆழமாக மூச்சு விடவும் முடியாவிட்டால் சளி தேங்கி நிமோனியா வரலாம், எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையலாம். அதனால் அவர் இருமும்போது இருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது.

பேச முடியாதவர்களை விட்டுவிடக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் அளவுகோல் இருக்கிறது. மறதி நோய் முற்றியவர்களுக்கு மூச்சு, முனகல், முகபாவம், உடல் இறுக்கம், தேற்றினால் சமாதானம் ஆகிறாரா என்று பார்ப்பது தனி. நேற்றுவரை அமைதியாக இருந்த ஒரு தாத்தா இன்று குளிப்பாட்டப் போனால் அடிக்க வருகிறார் என்றால், தூக்க மருந்து எழுதும் முன் எங்காவது வலிக்கிறதா என்று பாருங்கள்.

ஊசிக்கு முன் ஒரு நிமிடம்: இது ஆபத்தான வலியா?

கை கால் முறிவுக்குக் கட்டுப் போட்டவருக்குக் காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, மருந்துக்கும் அடங்கவில்லை, விரல்களை நாம் நீட்டிவிட்டால் துடிக்கிறார் என்றால் அது தசையறைக்குள் அழுத்தம் ஏறும் நிலையாக இருக்கலாம். மருந்தைக் கூட்டிவிட்டுப் போவது அங்கே தவறு. கட்டைப் பிரித்துத் தளர்த்தி உடனே மூத்தவர்களைக் கூப்பிட வேண்டும், சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும். நாடி கிடைக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள், அது கடைசியில்தான் போகும்.

முதுகு வலியோடு வருபவரிடம் சிறுநீர் போகிறதா, மலம் அறியாமல் கசிகிறதா, சைக்கிள் சீட்டில் உட்காரும் பகுதி மரத்திருக்கிறதா, இரண்டு காலும் பலவீனமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இருந்தால் அது அவசரம், அன்றைக்கே ஸ்கேன் வேண்டும். புற்றுநோய் வரலாறு, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, நீண்ட நாள் ஸ்டீராய்டு ஆகியவற்றையும் விசாரியுங்கள். வாழ்க்கையிலேயே அனுபவிக்காத தலைவலி திடீரென்று உச்சத்தில் வந்தது, தோலில் பார்ப்பதற்குக் கொஞ்சம் சிவப்புதான் ஆனால் தாங்க முடியாத வலி, கால் வெளுத்துச் சில்லிட்டு வலிக்கிறது: இவை எல்லாம் இதே கணக்கு.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கடும் வயிற்று வலிக்கு வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும், சர்ஜன் வந்து பார்க்கும்வரை கொடுக்காதே என்பார்கள். இது ஆய்வுகளில் நிற்கவில்லை. அளவாகக் கொடுத்தால் நோயாளி தளர்ந்து படுப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் எளிதாகும். துடிக்க விட்டுக் காக்க வைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

கடும் வலி: எந்த வரிசையில் போவது

மருந்துக்கு முன்னால் கையால் செய்யக்கூடியவை உண்டு. முறிந்த எலும்பை அசையாமல் பலகை வைத்துக் கட்டினாலே வலி பாதியாக இறங்குவதைப் பார்க்கலாம். வீங்கிய காலை உயர்த்தி வைப்பது, புதுக் காயத்துக்கு ஐஸ், தையல் இருக்கும் வயிற்றில் இருமும்போது தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்வது எல்லாம் இந்த வகை. அறுவைக்குப் பிறகு வலி வலி என்று நெளிபவருக்கு மார்ஃபின் ஏற்றும் முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், பல சமயம் சிறுநீர்க் குழாய் அடைத்துப் பை ரொம்பியிருக்கும்.

அடுத்தது பாராசிட்டமால். இதை எஸ்.ஓ.எஸ் (தேவைப்பட்டால் மட்டும்) என்று எழுதாதீர்கள், வேளை தவறாமல் எழுதுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேளை 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 4 கிராம் உச்சம். எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றால் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்குப் போடுங்கள், கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம், பட்டினி இருந்தால் இன்னும் குறையுங்கள். சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கும் என்பதால் வெளியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்காமல் தொடங்க வேண்டாம். சாதாரண மருந்துதானே என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் இது அடியில் ஓடிக்கொண்டிருந்தால் மார்ஃபின் வகை மருந்து குறைவாகப் போதும்.

அதன் மேல் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்து ஒன்று. ஒன்றே ஒன்று, இரண்டைச் சேர்த்தால் பலன் கூடாது, புண்தான் கூடும். எழுதும் முன் வயிற்றுப்புண், சிறுநீரகம், இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பத்தின் பிற்பாதி, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து ஆகியவற்றைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு 'பிரில்' என்று முடியும் மாத்திரையும் சிறுநீர் போக்கும் மாத்திரையும் எடுக்கும் முதியவர் வாந்தி பேதியோடு வந்தால் இதைத் தொடவே வேண்டாம், சிறுநீரகம் படுத்துவிடும்.

இவற்றுக்கும் அடங்காத வலிக்கு ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை மருந்து. புதியவர்களுக்கு இங்கேதான் பயம். பயந்து ஒரே ஒரு சின்ன டோஸ் கொடுத்துவிட்டு ஆறு மணி நேரம் துடிக்க விடுவார்கள், இல்லாவிட்டால் ஒரேயடியாக 10 மி.கி. போட்டுவிட்டு மூச்சை எண்ணிக்கொண்டு உட்காருவார்கள். சரியான வழி சின்னச் சின்னதாக ஏற்றுவது. பெரியவருக்கு நரம்பில், அதாவது சிரை வழியாக, மார்ஃபின் 2 மி.கி., 5 நிமிடம் பொறுத்துக் கேளுங்கள், போதாவிட்டால் இன்னொரு 2 மி.கி., இப்படியே. முதியவர், உடல் மெலிந்தவர் என்றால் 1 மி.கி.யாக. ஒவ்வொரு தடவையும் எண்ணை மட்டும் கேட்காமல் கண்ணையும் பாருங்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். மூச்சு குறைவதற்கு முன்பு பெரும்பாலும் மயக்கம்தான் முதலில் வரும், அதனால் சுவாச எண்ணிக்கை 14 இருக்கிறதே என்று நம்பி, தூங்கிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அடுத்த டோஸ் போடக் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மார்ஃபினின் கழிவுப் பொருள் உடலில் தங்கிவிடும், அங்கே ஃபென்டனைல் மேல். பெத்திடின் பழக்கத்தில் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது, திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதன் கழிவு வலிப்பை உண்டாக்கும். டிரமடால் லேசானது என்று நினைத்துக் கண்டபடி எழுதுகிறோம், ஆனால் அதுவும் வலிப்பு வரவழைக்கும், மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றோடு ஒத்துப்போகாது, 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது.

மூச்சு மந்தமாகி எழுப்பினாலும் எழவில்லை என்றால் ஆக்சிஜன், ஆட்களைக் கூப்பிடுதல், ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன். 0.4 மி.கி. ஆம்பூலை 10 மி.லி.யாகக் கரைத்து 1 மி.லி. 1 மி.லி.யாக மூச்சைப் பார்த்துக் கொடுங்கள், முழுதாக அடித்தால் அடக்கி வைத்த வலி அத்தனையும் ஒரே நொடியில் திரும்பிவிடும். மூச்சே நின்றுவிட்டால் இந்த நிதானம் பொருந்தாது, அப்போது பையால் மூச்சு கொடுப்பதுதான் முதல் வேலை. நலாக்ஸோனின் வேலை மார்ஃபினைவிட முன்னதாக முடிந்துவிடும் என்பதால் நோயாளி எழுந்து பேசிவிட்டார் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மறந்துவிடும் ஒரு சின்ன விஷயம், மலச்சிக்கல். குமட்டல் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. ஓபியாய்டு தொடர்ந்து எழுதும் அன்றைக்கே மலமிளக்கியும் எழுதுங்கள்.

இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களுக்குத் தொடைப் பக்கம் மரத்துப்போகும் ஊசி போட்டு நரம்பைத் தடுப்பது மிக நல்ல வழி, குழப்பமும் குமட்டலும் குறையும். மயக்கவியல் மருத்துவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். நோயாளியே பொத்தானை அழுத்திக்கொள்ளும் பம்ப் இருந்தால் ஒரு விதி மட்டும்: பொத்தானை நோயாளியைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. பாசத்தில் மகன் அழுத்திவிடுவார், அதுதான் ஆபத்து. மயக்கத்தில் இருப்பவர் தானாக அழுத்த மாட்டார் என்பதில்தான் அந்த பம்பின் பாதுகாப்பே இருக்கிறது.

திரும்பிப் போய்க் கேட்பது

நரம்பில் கொடுத்தால் 15 முதல் 30 நிமிடத்தில், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில். எண்ணையும் மயக்க நிலையையும் நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். "வலி குறைந்தது" என்று மொட்டையாக எழுதினால் அடுத்த ஷிப்ட்காரருக்கு ஒன்றும் புரியாது. "இருமும்போது 8, மருந்துக்குப் பின் 4, விழிப்பாக இருக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்தார்" என்றால் புரியும்.

கேட்கவில்லை என்றால் உடனே அளவைக் கூட்டாதீர்கள். மருந்து உண்மையில் உள்ளே போயிற்றா என்று முதலில் பாருங்கள், ட்ரிப் ஊசி நரம்பை விட்டு வெளியே வந்து கை வீங்கியிருக்கும், அல்லது மாத்திரையை வாந்தி எடுத்திருப்பார். அடுத்து, வலியின் வகையையே தவறாகக் கணித்துவிட்டோமா? கடைசியாக, புதிதாக ஏதாவது நடக்கிறதா? அறுவைக்குப் பின் குறைந்துகொண்டே வந்த வலி நான்காம் நாள் திடீரென்று ஏறினால் அது சீழ், கசிவு, உறைவு எதுவாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது எதை முதலில் நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஓபியாய்டு முதலில், பிறகு அழற்சி எதிர்ப்பு மருந்து, கடைசியில் பாராசிட்டமால். ஓபியாய்டு சில நாளுக்கு மட்டும்.

நாள்பட்ட வலி: இங்கே வேகம் வேண்டாம்

தடித்த ஃபைலோடு ஒருவர் வருவார். நாலு எம்.ஆர்.ஐ., எட்டு மருத்துவர்களின் சீட்டு. புரட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்தான், ஒன்றும் இல்லை" என்று நாம் ஆறுதலாகச் சொல்வோம், அவர் காதில் அது "நீ நடிக்கிறாய்" என்றுதான் விழும். நடப்பது என்னவென்றால், நீண்ட நாள் வலியில் தண்டுவடமும் மூளையும் ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டி வைத்தது போல ஆகிவிடுகின்றன, சின்னத் தொடுகையும் பெரிதாகக் கேட்கிறது. வலி நிஜம், ஆனால் அது சேதத்தின் அளவைக் காட்டவில்லை. இதை அவருக்குப் புரியும்படி சொல்வதே சிகிச்சையின் முதல் பகுதி. ஸ்கேனில் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று பயந்துபோயிருப்பார். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. அதைச் சொன்னால் பலருக்கு முகம் தெளியும்.

இலக்கைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். "வலி போகணும்" என்பார். சரி, போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "பேத்தியைத் தூக்கணும்", "பஸ்ஸில் நின்றுகொண்டு போகணும்" என்று வரும் பதில்தான் உங்கள் இலக்கு. நல்ல நாளில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கும். வலித்தால் நிறுத்துவது என்றில்லாமல், நேரம் முடிந்தால் நிறுத்துவது என்று மாற்றச் சொல்லுங்கள். 10 நிமிட நடை தாங்குகிறது என்றால் 8 நிமிடத்தில் தொடங்கி, நல்ல நாளும் அதே, கெட்ட நாளும் அதே, வாரா வாரம் கொஞ்சம் கூட்டலாம். எந்த உடற்பயிற்சி என்பதைவிட விடாமல் செய்வதுதான் பலன் தரும். தூக்கத்தையும் மனச்சோர்வையும் தனியாகக் கேளுங்கள், உளவியல் ஆலோசனைக்கு அனுப்பினால் "மனசுல தான் பிரச்சினைன்னு அனுப்புறாங்க" என்று நினைக்காதபடி காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

மருந்து விஷயத்தில் நரம்பு வலிக்குத்தான் தெளிவான இடம் இருக்கிறது. அமிட்ரிப்டிலின் ராத்திரி 10 மி.கி.யில் தொடங்கி மெதுவாக ஏற்றுவது; வயதானவர்களுக்கு நாவறட்சி, தடுமாற்றம், சிறுநீர் அடைப்பு வரும். டுலாக்செட்டின், கபாபென்டின், பிரிகாபலின் மற்ற தேர்வுகள். கடைசி இரண்டுக்கும் சிறுநீரகத்தைப் பார்த்து அளவு, ஓபியாய்டோடு சேர்த்தால் மூச்சு மந்தமாகும். முகத்தில் மின்னல் வெட்டும் முப்பிரிவு நரம்பு வலிக்கு கார்பமாஸெபின். எதுவாக இருந்தாலும் இரண்டு நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடுவார்கள், சில வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதுகு, மூட்டு வலிக்கு வருடக்கணக்கில் ஓபியாய்டு தருவது வேண்டாம் என்பது என் கட்சி மட்டும் அல்ல. 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் முதுகு, இடுப்பு, முழங்கால் வலி உள்ள 240 பேரை 12 மாதம் பின்தொடர்ந்தார்கள். ஓபியாய்டு எடுத்தவர்களின் நடமாட்டம் மற்ற மருந்து எடுத்தவர்களைவிட மேம்படவில்லை, பக்கவிளைவுதான் அதிகம்.

ஆனால் இந்த எச்சரிக்கையைப் புற்றுநோய் வலிக்கு நீட்டாதீர்கள். அங்கே மார்ஃபினை மறுப்பதுதான் குற்றம். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே லேசான மருந்தில் தொடங்கி வலிக்கு ஏற்ப மேலே ஏறும் படிக்கட்டு முறையை வகுத்து, வாய் வழியாக, கடிகாரப்படி கொடுக்கச் சொன்னது. வழக்கமான அளவோடு, இடையில் பீறிடும் வலிக்கு நாளின் மொத்த அளவில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒன்றுவரை தனியாக எழுதி வையுங்கள். ஊசியிலிருந்து வாய்க்கு மாற்றினால் 10 மி.கி. நரம்பு மார்ஃபின் ஏறக்குறைய 30 மி.கி. மாத்திரைக்குச் சமம், இதை மறந்தால் அன்று ராத்திரி நோயாளி படும் பாடு சொல்லி மாளாது. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த முழு வலி என்று பேசினார். மருந்து ஏற ஏறக் குறையாத வலிக்குப் பின்னால் பிள்ளையின் கல்யாணமோ கடனோ இருக்கலாம், உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

ஏற்கெனவே வருடக்கணக்கில் ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவர் வந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். வியர்வை, பேதி, தூக்கமின்மை, மூர்க்கமான வலி எல்லாம் சேர்ந்து வரும், சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போவார்கள். அவர் சம்மதத்தோடு மாதத்துக்கு 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாக, நடுவில் சிரமம் வந்தால் அதே அளவில் நிறுத்திவைத்து, பிறகு தொடரலாம்.

அடுத்த முறை அவர் வரும்போது எண்ணைக் கடைசியில் கேளுங்கள். முதலில் பேத்தியைத் தூக்கினாரா, பஸ்ஸில் போனாரா என்று கேளுங்கள். சரியான அளவில் ஆறு வாரம் எடுத்தும் இரண்டிலும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அந்த மருந்தின் மேல் இன்னொன்றை அடுக்காமல், அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.